கருப்பட்டித் தண்ணீர்

"இதுல மருந்து ஊத்தாதீகம்மா" என்றாள் மூக்கம்மாள்.

காலிக் குப்பியை வாங்க நீட்டிய கையை டாக்டர் சாராள் மெல்ல இழுத்துக்கொண்டார்.

போடியில் அவர் நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரியில் மற்ற நோயாளிகள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். அதற்காகத்தான் அவள் காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயதுப் பெண். சிலமலையிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

அவளைப் பெற்ற அய்யா மொக்கைச்சாமிக்கு வயிற்றில் கட்டி. அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. வலியை அடக்க அபினி கலந்த மருந்து ஒன்றைத்தான் டாக்டரால் கொடுக்க முடிந்தது. பர்மாவில் சண்டை வந்தபின் அதுவும் மதுரையிலிருந்து அரிதாகத்தான் வந்தது.

"அதை நாந்தேன் குடிக்கிறேன்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். அப்புறம் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆத்தா இல்லாத வீடு. பகலில் கடலைக் காட்டில் களையெடுப்பு, ராத்திரி அய்யாவுக்குக் காவல். ஒருநாள் பல்வலி தாங்காமல் அந்த மருந்தில் ஒரு மடக்குக் குடித்தாள். வலி போயிற்று. அய்யா சாகப்போகிறார் என்ற நினைப்பும் கூடவே போயிற்று.

அதற்கப்புறம் பல்வலி இல்லாமலும் குடித்தாள்.

விட்டுப் பார்த்தாள். உடம்பு உதறியது. மூக்கும் கண்ணும் ஒழுகின. குடித்த கஞ்சி வெளியே வந்தது. அவள் வாந்தியெடுத்ததைப் பார்த்த ஊர்ப் பெண்கள் வேறு கணக்குப் போட்டார்கள். எவன் என்று கேட்டார்கள். வீட்டுக்குள் போய் மறுபடியும் குடித்தாள்.

"என்னால நிப்பாட்ட முடியல. கட்டிப் போட்டாவது நிப்பாட்டி விடுங்கம்மா."

டாக்டர் திட்டவில்லை. ஒரேயடியாக விட்டால் உடம்பு தாங்காது, கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அதுவரை இங்கேயே தங்கியிரு என்றார். அவள் தலையாட்டினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்த டாக்டர், அதற்குப் பிறகு கேட்டார்.

"அப்ப ஒங்க அய்யாவுக்கு என்ன குடுக்குற?"

"கருப்பட்டியக் கரைச்சு ஊத்தி வச்சிருவேன். நெறம் ஒண்ணுபோல இருக்கும். மாசி மாசத்துலருந்து அதுதேன்."

"வலின்னு சொல்றாரா?"

"இல்லம்மா, மொனங்குறதுகூட இல்ல. குடிச்ச ஒடனே, தேவலை ஆத்தான்னு சொல்லிட்டு, துண்ட மொகத்துல போட்டுக்கிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிருவாக." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களும் சொல்லிராதீக."

டாக்டர் எழுந்தார். பையில் புது மருந்துக் குப்பி ஒன்றை எடுத்து வைத்தார். குதிரை வண்டியைப் பூட்டச் சொல்லி ஆளை அனுப்பினார். அய்யாவையும் இங்கேயே கொண்டுவந்துவிடலாம் என்றார்.

படியிறங்கும்போது அவள் தோளில் கை வைத்தார்.

"அந்த மருந்து எட்டிக்காயாக் கசக்கும், தாயி. நீ குடிச்சிருக்க, ஒனக்கே தெரியும்."

மூக்கம்மாள் நின்றுவிட்டாள். நோயில் அய்யாவின் நாக்கு செத்துப்போயிருக்கும் என்று இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லி வந்திருந்தாள். வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வண்டி சிலமலை எல்லையைத் தொட்டது. வீட்டுக் கூரை தெரிந்ததும் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"அய்யா துண்டெல்லாம் ஓரத்துல கந்தல் கந்தலாக் கெடக்கும்மா. எலி கடிக்குதுன்னாக."