கையை எடுக்காதீங்க

"அழாதே கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன்."

குனிந்த தலை நிமிராமல் சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். கவிழ்ந்து கிடந்த வேனுக்குப் பக்கத்தில், சுடுகிற தார்ச்சாலையில் மண்டியிட்டு, மல்லாந்து கிடந்த பள்ளிக்கூடப் பையனின் தலையை இரண்டு கைகளாலும் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

தரையில் கிடந்த போனிலிருந்து ஆம்புலன்ஸ்காரரின் குரல் வந்தது. கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம், தலை இம்மியும் திரும்பக்கூடாது என்றது. "எங்க ஆளு வந்து வாங்கிக்கிற வரைக்கும் கையை எடுக்காதீங்க."

சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த சாலையோரப் பஞ்சர் கடைக்காரருக்கு வேறு தலைவலி. வேனுக்குள்ளிருந்து அவர் தூக்கி வந்த பெண் குழந்தை, இடுப்பில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. நெற்றியில் ரத்தம். அம்மா என்பதைத் தவிர வேறு பேச்சு வராத வயது.

யார் பிள்ளை, யார் பிள்ளை என்று கத்தியே அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நடக்க முடிந்தவர்கள் கிடைத்த ஆட்டோவில் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பெற்றவள் வேனுக்கு அடியில் கிடக்கிறாளோ என்று பயந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடிச் சில்லும் ஒற்றைச் செருப்பும்தான் கிடந்தன.

குழந்தை திமிறிக்கொண்டு, பையனின் தலையைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணை நோக்கிக் கை நீட்டியது. பெண் முகம் எதைப் பார்த்தாலும் தாவும் போலிருக்கிறது என்று அவர் பக்கத்தில் கொண்டு போனார்.

"கிட்ட கொண்டு வராதீங்கண்ணே, கை ஆடிடும்."

அவருக்குச் சுருக்கென்றது. தன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம். நல்ல கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தார்.

"காலு மரத்துப் போகுதும்மா," என்று பையன் முனகினான். பக்கத்திலிருந்த ஒருவர், பேசாமல் தூக்கி ஆட்டோவில் போட்டுவிடலாம் என்று அவன் தோளைத் தொட்டார். அவள் போட்ட அதட்டலில் இரண்டடி தள்ளி நின்றார். மூக்கு நுனியில் தொங்கிய கண்ணீரைத் துடைக்க அவளுக்கு ஒரு கை மிச்சமில்லை. பாவம், பெற்ற வயிறு என்று கடைக்காரர் கோபத்தை விழுங்கிக்கொண்டார்.

திடீரென்று குழந்தையின் அழுகை நின்றது. கண் செருகியது.

அவள் தோள் வெடவெடத்தது. கை மட்டும் ஆடவில்லை. "தூங்க விடாதீங்கண்ணே," என்றாள், குரல் உடைந்து. "கிள்ளியாவது அழ வைங்க."

அவர் உள்ளங்காலில் கிள்ளினார். ஒன்றுமில்லை. மறுபடியும் கிள்ளினார். குழந்தை வீறிட்டது. அவருக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒருவழியாக ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. ஒருவர் பையனின் தலையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். இன்னொருவர் கழுத்துப் பட்டையை மாட்டினார். நாலு பேராகச் சேர்ந்து ஒரே வாக்கில் பலகையில் ஏற்றிக் கட்டினார்கள். கால் விரலை அசைக்கச் சொன்னார்கள். லேசாக அசைந்தது.

"ஏறுங்கம்மா, பையன்கூட யாராவது வரணும்," என்றார் ஊழியர்.

அவள் ஏறவில்லை. விறைத்துப்போய் மடங்க மறுத்த இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு கடைக்காரரிடம் ஓடி வந்தாள்.

"அந்தத் தம்பி யாருன்னே எனக்குத் தெரியாதுண்ணே. என்னுதுன்னு சொல்லியிருந்தா கொண்டாந்து மடியில போட்டிருப்பீங்க. என் புள்ளயக் குடுங்க."