இருபத்து மூன்று 'வென்'

"அக்கா, உங்கட சூத்திரத்தை ஒரே வரியாக்கிப் போட்டன். வந்து பாருங்கோ."

வேணுஜா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். குமுதினி அதைப் பார்க்காமல், நவம்பர் மழையில் நனைந்த கோட்டை ஆணியில் மாட்டினாள்.

ஜெர்மனியின் ஹம் நகரில் உள்ள முதியோர் இல்லம் அது. எண்பத்து நான்கு பேருக்கு மூன்று வேளையும் சமையல். யாருக்கு உப்பில்லாமல், யாருக்குச் சீனியில்லாமல், யாருக்கு அரைத்துக் கூழாக என்ற பட்டியல் தினமும் காலையில் எக்செல்லில் இருந்து வரும். பாத்திரம் கழுவ வந்த குமுதினிக்கு அலுவலக அறையில் ஒரு நாற்காலி கிடைத்தது அந்தப் பட்டியலால்தான். பதினொரு வருடமாக அது அவள் கையில்.

ஜெர்மன் எக்செல்லில் 'என்றால்' என்பதற்கு 'வென்' என்று எழுத வேண்டும். நீரிழிவு என்றால் இது, சிறுநீரக வருத்தம் என்றால் அது. புதிதாக யாருக்காவது ஏதாவது மாறினால் குமுதினி இன்னொரு 'வென்' சேர்ப்பாள். இப்போது ஒன்றுக்குள் ஒன்றாக இருபத்து மூன்று. அவள் லீவில் போனால் மேலாளர் திருமதி லிண்ட்னர் மூன்று தடவையாவது போன் எடுப்பார். அந்த அழைப்புகள் குமுதினிக்கு மிகவும் பிடிக்கும்.

வேணுஜா வேலைக்கு வந்து ஐந்து வாரம். இங்கேயே பிறந்து, அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்த பிள்ளை.

"என்ன செய்தனீர்?" என்றாள் குமுதினி.

"கோப்பில இருக்கிற டொக்டர்மாரின்ர கடிதங்களைப் பாத்து, ஆருக்கு என்ன சாப்பாடெண்டு தனி அட்டவணை போட்டன். சூத்திரம் பேரைத் தேடி, பக்கத்தில இருக்கிறதை எடுத்துத் தரும். ஏதும் மாறினா அட்டவணையில மாத்தினாச் சரி. ஆரும் மாத்தலாம்."

'ஆரும்' என்ற சொல் குமுதினிக்குச் சுருக்கென்றது.

"பதினொரு வருசம் பிழைக்காம ஓடினது, தங்கச்சி."

"ஓம் அக்கா. ஆனா உள்ளுக்க என்ன இருக்கெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்ல."

"எனக்கு விளங்கும்."

அப்போது திருமதி லிண்ட்னர் உள்ளே வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். "வுண்டர்பார்! இது எனக்கே விளங்குதே!" என்று ஜெர்மனில் சொல்லி, வேணுஜாவின் தோளில் கைவைத்தார். "இண்டைக்கு மத்தியானமே இதைப் பாவிப்பம்."

பதினொரு வருடத்தில் அந்தக் கை குமுதினியின் தோளுக்கு வந்ததில்லை.

வேணுஜா சமையலறைக்குப் போனதும் குமுதினி இரண்டு பட்டியலையும் அச்செடுத்தாள். அடிமட்டக் கோலை வரிக்குக் கீழே வைத்து, வரிவரியாக ஒப்பிட்டாள். ஒரு பிழை, ஒரேயொரு பிழை அகப்படாதா என்று தேடினாள். எண்பத்து மூன்று பேருக்கும் ஒன்றாகவே இருந்தது.

ஒருவருக்கு மட்டும் மாறியிருந்தது. முப்பத்தோராம் அறை, திரு. பிராண்ட். அவளுடைய பட்டியலில் கூழ். புதியதில் சாதாரணச் சாப்பாடு.

பக்கவாதத்தில் பேச்சும் ஒரு கையும் போனவர். விழுங்க முடியாது. ஒரு துண்டு இறைச்சி மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிர் போய்விடும். அவருக்காகவே பத்தொன்பதாவது 'வென்'னை அவள் போட்டிருந்தாள்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அகப்பட்டாள்!

வேணுஜா கதவில் தலையை நீட்டினாள். "ஏதும் பிழை இருக்கோ, அக்கா?"

"இல்லை," என்றாள் குமுதினி. "எல்லாம் சரி."

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு வண்டிகள் லிஃப்டில் ஏறின. யாராவது ஒரு தாதி தட்டைப் பார்ப்பாள், கத்துவாள், லிண்ட்னர் ஓடிவருவார். ஒரே வரியின் லட்சணம் அப்போது தெரியும். குமுதினி தேநீரைக் கலக்கிக்கொண்டே காத்திருந்தாள்.

யாரும் கத்தவில்லை.

கரண்டி நின்றது. தாதிகள் பட்டியலில் உள்ளதைக் கொடுப்பார்கள். அவ்வளவுதான். அவளுடைய பட்டியலையும் ஒரு நாளாவது யாராவது சரிபார்த்தார்களா?

குமுதினி ஓடினாள். படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். கையில் பட்டியலோடு எதிரே வந்த வேணுஜாவை இடித்துக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்குள் பாய்ந்தாள்.

திரு. பிராண்டின் தட்டில் வறுத்த இறைச்சி பாதி முடிந்திருந்தது. வாய் நிறைய மென்றுகொண்டிருந்தார். கண்களில் இருந்து தண்ணீர் ஓடியது.

"ஐயோ, புரைக்கேறுது!"

குமுதினி தட்டைப் பறித்தாள். அவர் விடவில்லை. நல்ல கையால் இறுக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"விடுங்கோ, அக்கா!" மூச்சிரைக்க வந்த வேணுஜா அவள் கையைப் பிடித்தாள். "அவருக்கு ஒண்டுமில்ல. பரிசோதிச்சுப் பாத்து, நல்லா விழுங்கிறார், எல்லாம் சாப்பிடலாமெண்டு டொக்டர் எழுதிக் குடுத்தவர்."

"எப்ப?"

"மார்ச்சில. நீங்கள் லீவில நிண்டனீங்கள். உங்கட சூத்திரத்துக்குள்ள எந்த இடத்தில மாத்திறதெண்டு தெரியாம, கடிதத்தைக் கோப்புக்குள்ள வச்சிட்டு மறந்திட்டினம்."

குமுதினியின் கை தட்டில் இருந்து நழுவியது. வாய் திறந்து கேட்க முடியாத அந்த மனிதர், தேவையில்லாத எட்டு மாதக் கூழுக்குப் பிறகு கிடைத்த இறைச்சியை மென்று மென்று அழுதுகொண்டிருந்தார்.