மெழுகுக் கட்டி

அம்மாவைப் புதைத்த இடத்தில் அப்பா ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

சட்டைப் பையிலிருந்து அந்த மெழுகுக் கட்டியை எடுத்துக் கொடுத்தேன். தீப்பெட்டியில் பாதிகூட இல்லை. பரிசோதனைக்காக அம்மாவின் நுரையீரலிலிருந்து எடுத்து, கெடாமலிருக்க மெழுகில் பதித்த சதை அதற்குள் எள்ளளவு தெரிந்தது.

அதைக் கேட்டு வாங்கிவரத்தான் என்னை மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார். ஆளை முழுசாகப் புதைக்க வேண்டுமாம். ஒரு துண்டு வெளியே தங்கிவிட்டதால்தான் அம்மா போக முடியாமல் தினமும் வீட்டுக்குள் வந்து இருமுகிறாளாம். அந்த இருமல் அவருக்கு மட்டும்தான் கேட்டது.

"இத்தினியூண்டா?" என்றார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுல இன்னாடா கண்டுபுட்ச்சாங்க?"

டாக்டர் எனக்குப் பொறுமையாகத்தான் விளக்கியிருந்தார். புற்றுநோய்க் கட்டியில் ஒரு மரபணு மாறியிருக்கிறது. பிறவியில் வந்ததல்ல, நடுவில் மாறியது. புகை பிடிக்காதவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். ஏன் மாறியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

"உன் பீடியாலதான்னு சொல்ல முடியாதாம்ப்பா."

அப்பா மண்ணில் உட்கார்ந்து அழுதார். அம்மாவுக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் பீடியைத் தொடவில்லை. என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

டாக்டர் சொன்ன மிச்சத்தை நான் சொல்லவில்லை.

இந்த மாற்றத்துக்கென்றே மாத்திரை இருக்கிறது. தினம் ஒன்று. அடியோடு குணமாக்காது. ஆனால் பலருக்கு ஒரு வாரத்திலேயே மூச்சு லேசாகிவிடும், ஒன்றிரண்டு வருடம் நடமாடுவார்கள். ரிசல்ட் வந்த அன்றே உங்கள் நம்பருக்குக் கூப்பிட்டோமே என்றார்.

அப்போது ஊரில் திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருந்தோம். காப்பு கட்டினால் எட்டு நாளைக்கு யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்குச் செல்போன் டவர் கிடைப்பதோ எல்லைக்கு வெளியே, ஜீப் நிற்கும் வளைவில். அம்மா பிழைக்க வேண்டும் என்று அப்பா எட்டு நாளும் ஒரு வேளைதான் சாப்பிட்டார்.

ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள்.

அப்பா கட்டியைக் குழிக்குள் வைத்தார். மண்ணைத் தள்ளி மூடிக் கையால் தட்டினார்.

"காப்பு கட்டுனப்புறம் எவனோ எல்லைய தாண்டியிருக்கான்டா," என்றார். "இல்லன்னா சாமி அவள வுட்டுருக்காது."



தாண்டியது நான்தான். மூன்றாம் நாள் மத்தியானம், திருப்பத்தூரில் இருக்கும், நான் விரும்பும் மஞ்சுளாவிடம் பேசுவதற்காக வளைவுக்குப் போனேன். போனை ஆன் செய்ததும் ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து ஆறு அழைப்புகள் வந்திருந்தது தெரிந்தது. திருப்பிக் கூப்பிட நினைத்தேன். கூப்பிட்டு, அவர்கள் வரச்சொன்னால், உனக்கு எப்படித் தெரிந்தது என்று அப்பா கேட்பார். ஊரே கேட்கும்.

போனை அணைத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்பினேன்.

வாசலில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் நான் வந்த வழியைப் பார்த்துவிட்டாள். அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிச் சிரித்தாள்.

கடைசிவரை சொல்லவும் இல்லை.