அங்கிக்கு மேலே அட்டை

கறுப்பு அங்கிக்குள் புகுந்துவிட்டால் ஆண் பெண் கிடையாது, கறுப்பு வெளுப்பு கிடையாது, உலகமே ஒரே ஜாதி என்பது வக்கீல் தளவாயின் அசைக்க முடியாத கொள்கை. ஆகவே, அவருடைய ஜூனியர் இசக்கியம்மாள் அங்கிக்கு மேலே வக்கீல் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

“என்னம்மா இது, சந்தையில நம்பர் கட்டுன மாடு மாதிரி?”

“இல்லன்னா, கோர்ட்டு வாசல்ல ‘கட்சிக்காரங்க வெளிய நில்லுங்க’ன்னு சொல்லுதாங்க சார்.”

“சந்தேகம் உன் மனசுலதான் இருக்கு. என்னைய எவனாவது நிறுத்தியிருக்கானா?”

ஊரில் யாரும் நிறுத்தியதில்லைதான். அந்த மாதமே, கட்சிக்காரர் பதினெட்டு வருஷம் காத்திருந்த மேல்முறையீட்டுக்காக இருவரும் வடக்கே போனார்கள். பெரிய நீதிமன்ற வாசலில் காவலர் இசக்கியின் அட்டையைப் பார்த்து வழிவிட்டார். அடுத்து தளவாயின் முகத்தைப் பார்த்தார், அங்கியைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். “யாரோட அங்கி இது? குமாஸ்தா போட்டுக்கிட்டு வரக்கூடாது” என்றார் இந்தியில். தளவாய் ஆங்கிலத்தில் சட்டம் பேசினார். காவலரின் சந்தேகம் இன்னும் கூடியது. வெளுத்த முகங்கள் நாலைந்து, அட்டை எதுவும் இல்லாமல், தளவாயை உரசிக்கொண்டு உள்ளே போயின.

கதவிடுக்கில் இசக்கியின் தலை தெரிந்தது. “சார், நம்ம கேஸைக் கூப்பிட்டுட்டாங்க! நீங்க வரலன்னா தள்ளுபடியாம்!”

தளவாய் பெட்டியின் அடியிலிருந்து உறை பிரிக்காத அட்டையை எடுத்தார். இசக்கி மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கயிற்றைத் தலைவழியாக மாட்டி, புகைப்படம் வெளியே தெரியும்படி திருப்பிவிட்டுக்கொண்டார்.