சிவப்புக்கு மட்டும் டீ

உலகப் பொருளாதாரம் இத்தனை காலம் தடுமாறியதற்குக் காரணம், நான் பயிற்சிக்குச் சேராததுதான். இந்தக் கோடை விடுமுறையில் கரூர் வங்கிக் கிளை ஒன்றில் சேர்ந்து அந்தக் குறையைத் தீர்த்தேன்.

அங்கே வேலை என்று எதுவும் இல்லை. கடன் கேட்பவர் நாற்காலியில் உட்காரும்போதே இயந்திரம் முடிவு சொல்லிவிடும். திரை பச்சையானால் உடனே கைகுலுக்கி அனுப்பிவிடலாம். சிவந்தால் மட்டும் கடன் அதிகாரி தேன்மொழி அக்கா டீ போட்டுக் கொடுத்து, வீட்டுக் கதையெல்லாம் விசாரித்துவிட்டு கடன் இல்லை என்பதை மெதுவாகச் சொல்வார்.

“ஒரு செகண்ட் வேலைக்கு இவ்ளோ நாடகமாக்கா?” என்று தினமும் கேட்பேன்.

“உனக்கும் சேத்துதான்டா போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் பேசு” என்பார்.

கடைசி நாள் என்னைத் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, அக்காவே கடன் கேட்டு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மகள் படிக்க மாடியில் ஓர் அறை கட்ட வேண்டுமாம்.

“ஒரு செகண்ட் வேலைதானே, பாத்துச் சொல்லு தம்பி.”

என் பக்கத் திரை சிவந்தது. நான் எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டேன்.

அக்கா கெட்டிலைப் பார்த்தார்.

“சர்க்கரை கம்மியா போடு” என்றார்.

“சரிக்கா” என்றேன். கோப்பையை அவர் முன் வைத்துவிட்டு, நன்றாகத் தெரிந்ததையே கேட்டேன்.

“பாப்பா இப்ப என்ன படிக்குது?”