குட்டி புரோகிராம்

எண்பத்தேழில், அரியலூர் சிமெண்ட் ஆலைக் கம்ப்யூட்டர், மெமரி நிரம்பினால் ஓடுகிற வேலைகளில் ஒன்றை நிறுத்தி இடம் பண்ணிக்கொள்ளும். "ஒண்ணக் கொன்னாத்தான் மத்தது பொழைக்கும்" என்பான் ஆபரேட்டர் தனத்தின் கணவன் தர்மராஜ். மதியமானால் திரையில் "சாப்ட்டியா புள்ள?" என்று கேட்கும் குட்டி புரோகிராமை அவளுக்காக எழுதிவைத்தவனும் அவன்தான். அவன் இறந்தபின், பார்க்க மனம் தாளாமல் அவளே அதை அழித்துவிட்டாள்.

அன்று மாதக் கடைசி. மதியத்தில் மெமரி நிரம்பி லாரிக் கணக்கு நின்றது. பின்னாலேயே ஸ்டோர் கணக்கும் நின்றது.

"எல்லாம் நின்னுடுச்சாம்மா?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணு மட்டும் ஓடுது சார்."

திரை கேட்டது: "சாப்ட்டியா புள்ள?"

"ஆச்சு" என்று தட்டினாள்.

"பொய் சொல்லாத."

தனம் டிபன் டப்பாவைத் திறந்தாள். முதல் வாய் உள்ளே இறங்கியதும், நின்றுபோன வேலைகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.