பிடித்துக்கொண்ட பிரேக்

"நான் பிரேக்கை மிதிச்சா, பூமியே ஒரு நொடி நின்னுட்டுத்தான் மறுபடி சுத்தும்!" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

அவருடைய ஐம்பது வயதான ஸ்போர்ட்ஸ் கார் போன வாரம் கேட்டில் நிற்காமல் உள்ளே புகுந்து, கொடியில் காய்ந்த துணிகளையெல்லாம் உடுத்திக்கொண்டுதான் நின்றது.

"இன்னைக்கும் கேட்டுக்கு வெளியில நிக்கலைன்னா, நாளைக்கே பழைய இரும்புக் கடைதான்" என்று மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார். சாட்சிக்குத் தன் தம்பியைக் காரில் ஏற்றி அனுப்பினார். தம்பி பஸ் டிரைவர். அத்தான் மணி சொன்னால்கூடத் தன் கடிகாரத்தைப் பார்ப்பவர்.

"பிரேக் டிரம்மைக் கழட்டி, உள்ள புது பிரேக் ஷூ போட்டு, எல்லாம் நானே பூட்டினேன் மாப்ளே."

"அதான் அத்தான் பயமா இருக்கு."

தெருக்கோடியிலிருந்து கார் கிளம்பியது. பாதி வழியிலேயே தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அத்தான், மிதிங்க! மிதிங்க!"

கிறீச்!

சாத்திய தகரக் கேட்டுக்கு உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "டேய், நின்னுச்சா?"

தம்பி எட்டிப் பார்த்தார். காருக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும்.

அக்கா கேட்டைத் திறந்தார்.

"ஏங்க, டிக்கி ஏன் என்னைப் பாத்துட்டு நிக்குது?"

தபால்காரர் தொண்டையைச் செருமினார். "முன்சக்கரம் ரெண்டுலயும் பிரேக்கை வலது இடதா மாத்திப் பூட்டிட்டேன். முன்னால போனா பிடிக்க மாட்டேங்குது. ரிவர்ஸ்ல போனா பிரமாதம்!"

அக்கா தம்பியைப் பார்த்தார்.

"தெரு முழுக்கப் பின்னாலயேதான்கா வந்தோம்" என்றார் பஸ் டிரைவர். "ஆனா பொய் சொல்ல மாட்டேன். நின்னுச்சு."